செய்த பிழையும் செய்யத் தவறியதும்

மண்ணூரில் ஞாயிற்றுக்கிழமையின் ஓசை வேறு. தண்டலத்தில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து பேரம்பாக்கம் நோக்கிச் செல்லும் சாலையில் வார நாள்களில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓய்வதில்லை. ஒரு ஷிப்டை இறக்கிவிட்டு அடுத்த ஷிப்டை ஏற்றிக்கொண்டு போகும். ஞாயிறு காலையில் மட்டும் அவை குறைந்து, தேநீர்க் கடைகளில் பேச்சு நீளும். 2025 ஜூன் 15, மூவொரு கடவுள் பெருவிழா. திருப்பலி முடிந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே செய்தியைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 12 அன்று, அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் தரையை விட்டு எழும்பிய அரை நிமிடத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி விடுதியின்மேல் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தனர் என்பது பின்னர் உறுதியாயிற்று.

மூன்றே நாளில் நம்மூர்த் தேநீர்க் கடை தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. விமானி தவறு செய்துவிட்டார் என்றார் ஒருவர். இல்லை, பராமரிப்புத்தான் சரியில்லை என்றார் மற்றவர். யாரோ ஒருவர் செய்திருக்கிறார், அவர் யார் என்பது மட்டுமே கேள்வி என்பதில் எல்லாரும் ஒன்றுபட்டிருந்தனர். அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் பெஞ்சின் ஓரத்தில் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். வலது கையில் பெரிய கட்டு. அந்தக் கட்டின் வடிவத்தைப் பார்த்தாலே இவ்வட்டாரத்தில் எவருக்கும் புரிந்துவிடும். பவர் பிரஸ்ஸில் வேலை செய்பவர், விரல் போயிருக்கிறது.

"எப்படியப்பா ஆச்சு தம்பி?" என்றோம்.

"என் தப்புதாங்க ஐயா. அவசரத்துல கைய வுட்டுட்டேன்."

அதோடு பேச்சை முடித்துக்கொள்ளத்தான் அவர் விரும்பினார். ஆனால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எஞ்சியதும் துண்டு துண்டாக வந்தது. அந்தப் பிரஸ்ஸை இயக்க இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கைகளாலும் ஒருசேர அமுக்கினால்தான் மேல் டை இறங்க வேண்டும்; அப்போது இரு கைகளும் வெளியே இருப்பது உறுதி. அதற்காகவே அமைந்த ஏற்பாடு அது. அவர் நின்ற பிரஸ்ஸில் ஒரு பட்டன் எப்போதும் அமுங்கியே இருக்கும்படி டேப் ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரு கையால் பட்டனைத் தட்டிக்கொண்டே மறு கையால் தகட்டை எடுத்துவிடலாம். ஒரு மணி நேரத்தில் எண்ணிக்கை கூடும். டேப்பை ஒட்டியது யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அது இருந்தது. சூப்பர்வைசர் அதைப் பார்த்திருக்கிறார், பார்த்துக்கொண்டேயும் இருந்திருக்கிறார். ஒரு மாதத்திற்கு முன் வேறு ஷிப்டில் இன்னொருவருக்குக் கையுறையின் நுனி மட்டும் நசுங்கியது. அவர் அதைப் புதுக் கையுறை கேட்கும்போதுகூடச் சொல்லவில்லையாம்.

விபத்துப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். இளைஞர் கையெழுத்திட்டார், இடது கையால்.

நாம் ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலியின் தொடக்கத்தில் நெஞ்சைத் தட்டிக்கொண்டு பாவங்களை அறிக்கையிடுகிறோம். சிந்தனையால் செய்தவை, சொல்லால் செய்தவை, செயலால் செய்தவை என்று மூன்றைச் சொல்லி, நான்காவதாகக் கடமையில் தவறியதையும் சேர்த்துக்கொள்கிறோம். முதல் மூன்றுக்கும் நாளும் இடமும் உண்டு. ஒப்புரவு அருளடையாளத்தில் அவற்றை எண்ணிச் சொல்ல முடியும். நான்காவதற்கு நாள் இல்லை, இடம் இல்லை. பெரும்பாலும் ஆளும் இல்லை. செய்யாமல் விட்ட ஒன்றை எந்த நேரத்தில் செய்யாமல் விட்டோம்? ஒவ்வொரு நேரத்திலும்தான். அதனாலேயே அந்தச் சொல் வரும்போது நம் வாய் சொல்கிறது, மனம் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. அந்த இளைஞரைப் பார்த்தபின் இந்த நான்காவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம். அப்போது நினைவுக்கு வந்தது அகமதாபாத் அன்று, அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்திய வேறொரு புறப்பாடு.

1993 ஏப்ரல் 26. இன்று சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாறிவிட்ட ஔரங்காபாத். சித்திரை மாத நண்பகலுக்குச் சற்றுப் பின், இந்தியன் ஏர்லைன்ஸின் 491ஆம் எண் விமானம் பம்பாய்க்குப் புறப்பட ஓடுபாதையில் விரைந்தது. போயிங் 737, பயணிகளும் பணியாளருமாக 118 பேர். வெப்பம் மிகுந்த காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைகளுக்கு அது தரும் தாங்கலும் குறைவு. எனவே அத்தகைய நண்பகலில் விமானம் எழும்ப ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் விமானி மூக்கை மெல்ல உயர்த்துவார். முன்கூட்டி உயர்த்தினாலும் தீங்கு, பிந்தி உயர்த்தினாலும் தீங்கு. அன்று பிந்திப் போயிற்று. ஏறத்தாழ ஓடுபாதை முடியும் இடத்தில்தான் சக்கரங்கள் தரையை விட்டன.

விட்டன, அதுவே போதுமானதாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஓடுபாதையின் முனைக்குச் சற்று அப்பால், அதற்குக் குறுக்கே, பீடு நகருக்குச் செல்லும் பொதுச் சாலை கிடந்தது. அந்தச் சாலையில் அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிகளை ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. விமானத்தின் இடப்புறச் சக்கரமும் இடப்புற எஞ்சினின் அடிப்பகுதியும் லாரியின்மேல் மோதின. அடிபட்ட விமானம் தடுமாறிப் பறந்து, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தாண்டி உயர் அழுத்த மின்கம்பிகளில் பட்டுத் தரையில் விழுந்து தீப்பற்றியது. 55 பேர் இறந்தனர். 63 பேர் உயிர் பிழைத்தனர்.

அந்த லாரியை ஓட்டிவந்தவரைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். அவர் எந்த விதியையும் மீறவில்லை. பொதுச் சாலையில், பகல் வேளையில், பஞ்சு ஏற்றிக்கொண்டு போனார். நம் ஒரகடம் சாலையில் நாள்தோறும் போகும் ஆயிரம் லாரிகளில் ஒன்றைப் போல. அவரை நிறுத்த அங்கே யாரும் இல்லை. விமானம் வரும் நேரம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவும் முடியாது.

விசாரணை முடிவு இரண்டு காரணங்களைக் கண்டது. ஒன்று, விமானிகள் மூக்கைப் பிந்தி உயர்த்தியதும் அதைச் சரியான முறையில் செய்யாததும். மற்றொன்று, விமானங்கள் வந்துபோகும் நேரத்தில் அந்தச் சாலையின் போக்குவரத்தை அன்றைய தேசிய விமானநிலைய ஆணையம் ஒழுங்குபடுத்தத் தவறியது. தமிழ் இலக்கணத்தில் எண்ணும்மை என்று ஒன்று உண்டு. இதுவும் அதுவும் என்று இரண்டை ஒரே தட்டில் வைக்கும் அந்தச் சிறு 'உம்'. முதற்காரணம் சில நொடிகளில் நிகழ்ந்தது. அதற்கு இரண்டு மனித முகங்கள் உண்டு. இரண்டாம் காரணம் விமானங்கள் அங்கே பறக்கத் தொடங்கிய காலந்தொட்டு நாள்தோறும் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு முகமே இல்லை. ஒவ்வொரு நாளும் லாரிகள் போயின, விமானங்கள் போயின, ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் அச்சாலைக்கு ஒரு நற்சான்றிதழ் வழங்கிற்று. டேப் ஒட்டிய பட்டனும் அவ்வாறே நற்சான்றிதழ் வாங்கிக்கொண்டிருந்தது.

மனித மனம் முகத்தைத்தான் நினைவில் வைக்கிறது. இதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று. 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸின் கேரவல் விமானம் புறப்பட்ட சிறிது நேரத்தில் எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்து, திரும்பி இறங்க முயன்றபோது விழுந்தது. 95 பேரும் இறந்தனர். அவர்களுள் நடிகை ராணி சந்திராவும் ஒருவர். பத்ரகாளி படத்தில் அவர் நடிக்க வேண்டிய எஞ்சிய காட்சிகளை அவரைப் போன்ற சாயலுள்ள வேறொருவரை வைத்து முடித்தார்கள் என்பதை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். எஞ்சினுக்குள் சுழலும் ஒரு தட்டில் உலோகம் களைத்து உண்டான விரிசலே அந்த விபத்தின் காரணம் என்பதை நம்மிடம் ஒருவரும் சொன்னதில்லை. (அந்த விமானத்தின் எண்ணும் 171, அகமதாபாத்தில் விழுந்ததன் எண்ணும் 171. இதைக் கண்டு சகுனம் பேசியவர்களும் உண்டு. எண்ணைக் குற்றம் சாட்டுவது எளிது; அது மறுப்புச் சொல்லாது.)

இனி நாம் கேட்க விரும்பிய கேள்விக்கு வரலாம். பிழை இருவருக்குப் பொதுவானால், ஒவ்வொருவர் பங்கும் பாதியாகிவிடுமா? தந்தையின் கடனைப் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்வதுபோல் குற்றத்தையும் பிரித்துக்கொள்ளலாமா? பழைய அறநெறி இறையியல் இதற்கு இடம் தரவில்லை. பலர் சேர்ந்து ஒருவனுக்கு இழப்பு விளைவித்தால், மற்றவர்கள் ஈடு செய்யாதபோது ஒருவனே முழுவதையும் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்று அது கற்பித்தது. முதலில் படிக்கையில் இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. விமானி பிந்தியதால் சாலையை மூடாதவரின் கடமை சிறிதும் குறைவதில்லை. சாலை திறந்து கிடந்ததால் விமானியின் கடமையும் குறைவதில்லை. ஒருவர் சரியாக இருந்திருந்தாலே 55 பேர் வீடு திரும்பியிருக்கக்கூடும் என்னும்போது, ஒவ்வொருவர் கையிலும் இருந்தது பாதி அன்று, முழுமை.

இப்படிச் சொன்னவுடன் சட்டம் உள்ளே வருகிறது. எல்லாரும் முழுப் பொறுப்பாளிகள் என்றால் எல்லாரையும் தண்டிக்கலாமா? 2000 ஜூலை 25 அன்று பாரிசில் கான்கார்டு விமானம் புறப்படும்போது, அதற்கு முன் அதே ஓடுபாதையில் சென்ற ஓர் அமெரிக்க விமானத்திலிருந்து கழன்று விழுந்த மெல்லிய உலோகப் பட்டை அதன் டயரைக் கிழித்தது. டயரின் துண்டு எரிபொருள் தொட்டியைத் தாக்க, தீயோடு எழுந்த விமானம் விழுந்து, தரையில் இருந்த நால்வரோடு 113 பேர் இறந்தனர். அந்தப் பட்டையை அமெரிக்காவில் பொருத்திய ஒரு மெக்கானிக்கைப் பிரெஞ்சு நீதிமன்றம் 2010இல் குற்றவாளி என்றது. இரண்டாண்டு கழித்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. பொருத்தியதில் பிழை உண்டு, ஆயினும் அது குற்றத் தண்டனைக்குரியதாகாது என்பது அதன் கருத்து.

இதற்கிடையே கழிந்த பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த மெக்கானிக்கின் இரவுகள் எப்படி இருந்தன என்பது நமக்குத் தெரியாது. ஆனால் இன்னொன்று தெரியும். விபத்திற்குப் பின் கான்கார்டின் எரிபொருள் தொட்டிகளுக்கு உள்ளுறை இட்டார்கள், எளிதில் சிதறாத புதுவகை டயர் மாட்டினார்கள், 2001 நவம்பரில் விமானம் மீண்டும் பயணிகளை ஏற்றியது. அப்போது வழக்கு விசாரணைக்கே வரவில்லை. யார் குற்றவாளி என்று தீர்மானிப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே எதைத் திருத்த வேண்டும் என்று தீர்மானித்திருந்தார்கள். இரண்டும் ஒரே கேள்வி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவை வெவ்வேறு என்று வான்போக்குவரத்து உலகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதே, பழியைப் பங்கிடுவது அன்று என்று பன்னாட்டு விதி சொல்கிறது. நம் நாட்டின் விதிகளும் அதையே சொல்கின்றன.

இது எப்படிக் கற்றுக்கொள்ளப்பட்டது என்பது, ஒப்புரவு அருளடையாளத்தை அறிந்த நமக்குச் சிந்தனைக்குரியது. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்கத் தலைநகருக்கு அருகே டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் ஒன்று தரையிறங்க வரும் வழியில் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். விசாரணையில் தெரியவந்தது: ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தால், மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அந்தச் செய்தி போகவில்லை. கையுறை நசுங்கியவர் வாய் திறவாததுபோலத்தான். இதன்பின் 1976இல் அங்கே ஓர் ஏற்பாடு வந்தது. தன் பிழையை விமானி தானே முன்வந்து எழுதலாம். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசுத் துறைக்கு அல்ல, விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவுக்கு. எழுதியவரின் அடையாளத்தை அகற்றிவிட்டுச் செய்தியை மட்டும் எல்லாருக்கும் அறிவிப்பார்கள். எழுதியவருக்குத் தண்டமும் தள்ளுபடியாகும். வேண்டுமென்றே செய்த மீறலுக்கும் குற்றச்செயலுக்கும் இந்தச் சலுகை இல்லை.

திருச்சபைக்கு வெளியே எழுந்த ஒரு பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. ஒப்புமை முழுதும் பொருந்தாது. நம்முடையது ஆன்மாவின் நலத்திற்கு. இது அடுத்த விமானத்தின் நலத்திற்கு. ஆயினும் இரண்டும் அறிந்திருக்கும் ஒன்று உண்டு: அஞ்சுகிறவன் வாயிலிருந்து உண்மை வராது. இன்னொன்றும் உண்டு. திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணமில்லாதவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று சிறு வயதில் மறைக்கல்வியில் படித்தோம். பழி சுமத்தாமை என்பது கடனைத் தள்ளுபடி செய்வது அன்று. சாலை மூடப்பட வேண்டும், டேப் உரிக்கப்பட வேண்டும். அது நடவாத இடத்தில் 'யாரையும் குறை சொல்ல வேண்டாம்' என்று சொல்வது இரக்கம் போல் ஒலிக்கும். இறந்தவர்களுக்கு அது இரண்டாம் அநீதி.

சிலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி இயேசு பேசும் இடத்தை அகமதாபாத் விபத்திற்குப் பின் மீண்டும் படித்தோம். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று அவர் கேட்டு, அல்லர் என்று அவரே சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி, மனம் மாறும்படி சொல்கிறார். கோபுரத்தைக் கட்டிய கொத்தனார் யார் என்பது அங்கே வரவில்லை. இன்றைக்கு நாம் அதைக் கேட்போம், கேட்க வேண்டியதும்தான். ஆனால் விரலை வெளியே நீட்டி நின்ற கூட்டத்தை அவர் தன்பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னார் என்பதை விட்டுவிட முடியாது.

அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கை 2025 ஜூலை 12 அன்று வெளியாயிற்று. எழும்பியவுடன் இரு எஞ்சின்களுக்கும் எரிபொருள் தரும் விசைகள் ஒரு நொடி இடைவெளியில் நிறுத்த நிலைக்கு மாறின; ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு விமானி கேட்டார்; தாம் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னார். கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்று அறிக்கை கூறவில்லை. விசைகள் எதனால் மாறின என்றும் அது தீர்மானிக்கவில்லை. ஆனால் உலகின் பல செய்தித்தாள்கள் அன்றே ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டன. இறந்துபோன தலைமை விமானியின் தந்தை, தொண்ணூற்றொரு வயது முதியவர், உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். மகன்மேல் பழி விழுந்துவிட்டது என்னும் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம் என்று 2025 நவம்பரில் நீதிபதிகள் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இறந்தவர்களுக்கு நீதி கேட்கிறோம் என்று நாம் தேநீர்க் கடையில் பேசியபோது, அந்த வயதில் ஒருவரை நீதிமன்றத்திற்கு அனுப்பும் வேலையில் நம் பேச்சுக்கும் ஒரு துளி பங்கிருந்தது.

இங்கே ஒன்றை எழுதாமல் முடிக்க இயலவில்லை. இக்கட்டுரை முழுவதும் 'நாம்' என்றே எழுதிவந்தோம். பத்திரிகை வழக்கு அது, வசதியாகவும் இருக்கிறது. ஆனால் ஓய்வு பெறும்முன் இதே வட்டாரத்தில் ஓர் ஆலையின் தர ஆய்வுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தபோது, பிரஸ் வரிசையில் டேப் ஒட்டிய பட்டனை அருகில் நின்று பார்த்தது ஒருவர்தான். தகட்டின் அளவைச் சரிபார்ப்பதே அவர் வேலை. பட்டன் அவர் பிரிவைச் சேர்ந்தது அன்று. அளவு சரியாக இருந்தது. பதிவேட்டில் சரி என்று எழுதிவிட்டு அடுத்த பிரஸ்ஸுக்குப் போனார். அவர் இருந்த காலத்தில் அங்கே எவருக்கும் கை போனதாக அவருக்குத் தெரியாது. போயிருந்தால் தெரிந்திருக்குமா என்பதும் தெரியாது.

சில மாதங்களுக்குப் பின் அந்த இளைஞரை அதே தேநீர்க் கடையில் கண்டோம். கட்டு அவிழ்ந்திருந்தது, இரண்டு விரல்கள் இல்லை. வேறோர் ஆலையில், பாக்கிங் பிரிவில் சேர்ந்திருந்தார். பழைய பிரஸ்ஸில் டேப்பை எடுத்துவிட்டார்களா என்று கேட்டோம். விபத்து நடந்த மறுநாளே எடுத்துவிட்டார்களாம். இப்போது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. நாம் கண்டதையும், எழுதாமல் போனதையும் அவரிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அன்னிக்கு எழுதியிருந்தா மட்டும் கேட்டிருப்பாங்களா ஐயா?" என்றார்.

விடை சொல்வதற்குள் அவருடைய ஷிப்ட் பேருந்து வந்து நின்றது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.